பிற விவரங்கள்

பெர்த்திலிருந்து நாலு மணி நேரம்.
கோதுமை, கோதுமை, பிறகு திடீரென்று வெள்ளை.
பனியோ என்று வண்டியை ஓரங்கட்டினேன்.
உப்பு.
மரங்களை வெட்டிச் சாய்த்த பிறகு
நிலத்தடியிலிருந்து மெல்ல ஏறி வந்ததாம்.
கடலே இல்லாத நெய்தல்.
எந்தத் திணையில் சேர்ப்பதென்று தெரியாமல்
மறுபடி கிளம்பினேன்.

யெல்பரிங்.
ஊர்ப்பலகையில் மக்கள்தொகை 187.
யாரோ ஆணியால் கீறி 186 ஆக்கியிருந்தார்கள்.
அதையும் அடித்து இன்னொரு கை:
188, கேத்திக்கு இரட்டைப் பிள்ளை.

நான் வட்டார வளர்ச்சி அலுவலகத்து ஆள்.
பதினான்கு பக்கப் படிவம், மூன்று பேனா,
பின்னிருக்கையில் ஆறிப்போன லெமன் சாதம்.

கூட்டம் தீயணைப்புக் கொட்டகையில்.
லாரியை வெளியே விட்டு நாற்காலி போட்டிருந்தார்கள்.
"சைரன் அடித்தால் பாதிப் பேர் ஓடிவிடுவோம்,
இப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்"
என்று தொடங்கினார் டெனிஸ் ஹாட்ரில்.

படிவத்தின் முதல் கேள்வி:
எத்தனை வேலைவாய்ப்புகள் உருவாகும்?
நெடுஞ்சாலையோரம் நாற்பதடிக் கிளி ஒன்று நிறுத்தலாம்,
சுற்றுலாக்காரர்கள் இறங்கிப் படமெடுப்பார்கள் என்றார் குளோரியா.
எடுத்துவிட்டு ஏறிப் போவார்கள் என்றார்
அவருடைய கணவர்.
அன்றிரவு அந்த வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது.

பள்ளிப் பேருந்து ஓட்டும் டானிகா
அதுவரை வாய் திறக்கவில்லை.
"நர்ஸ் செவ்வாய்க்கிழமை மட்டும் வருகிறார்.
நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்.
இருட்டினால் கங்காரு குறுக்கே பாயும்,
அதனால் நாலு மணிக்கே கிளம்பிவிடுகிறார்.
செவ்வாய், நாலு மணிக்குள் நெஞ்சு வலித்தால் பிழைப்போம்.
அப்பாவுக்கு ஐந்து மணிக்கு வலித்தது."
கொஞ்சம் நிறுத்தினாள்.
"படுக்க இடமிருந்தால் இரண்டு ராத்திரி தங்குவாராம்.
நான் கேட்டுவிட்டேன்."

கட்டில்.
பதினான்கு பக்கத்தையும் புரட்டினேன்.
கட்டிலுக்கு ஒரு கட்டம் இல்லை.

வங்கி மூடி ஆறு வருடம்.
பின்புறம் மேலாளர் குடியிருந்த இரண்டு அறை,
கூரையில் கலா பறவைகளின் குடித்தனம்.
பஞ்சாயத்து அதைச் சல்லிக்காசுக்கு வாங்கிப்போட்டிருந்தது.
சாவி யாரிடம் என்று கேட்டேன்.
எட்டுப் பேர் பையில் கைவிட்டார்கள்.

அடுத்தடுத்து மூன்று சனிக்கிழமை.
கம்பளிக் கொட்டகையில் மிஞ்சிய தகரம்,
யாருடைய முதல் கல்யாணத்திலோ வந்த மெத்தை.
ஒரு பறவைக் கூட்டை மட்டும் பிரிக்க மனமில்லாமல்
அந்த மூலையை அப்படியே விட்டார் குளோரியாவின் கணவர்.
குளோரியா தகரத்தில் ஒரு சாண் கிளி வெட்டி
தபால்பெட்டியில் அறைந்தார்.
இரும்புப் பெட்டக அறையின் கனத்த கதவுக்குப் பின்னால்
இப்போது மருந்துக் குளிர்பெட்டி.
ஊரின் கடன் பத்திரங்கள் உறங்கிய இருட்டில்
இன்சுலின் சில்லென்று கிடக்கிறது.

நான் படிவத்தின் கடைசிப் பக்கத்தில்,
'பிற விவரங்கள்' என்ற இரண்டே வரி இடத்தில்,
எழுத்தைப் பொடியாக்கி எல்லாவற்றையும் எழுதினேன்.
பதில் வர ஐந்து மாதம்.
பெயர்ப்பலகைக்கு மட்டும் நிதி ஒப்புதல்.
யானைப் பசிக்குச் சோளப்பொரி, அதிலும்
பொரியைப் பொட்டலம் கட்டிய காகிதம்.

கடிதத்தைப் படித்து டெனிஸ் சிரித்தார்,
பிறகு சிரிக்கவில்லை.
இது வளர்ச்சிக் கணக்கில் வருமா என்று
என் மேலதிகாரி கேட்டார்.
உப்பு ஓர் அங்குலமும் பின்வாங்கவில்லை, உண்மைதான்.
ரொட்டி வாங்க இன்னும் எழுபது கிலோமீட்டர்.

போன வாரம் அந்த வழியே வந்தேன்.
புதன்கிழமை, நன்றாக இருட்டிவிட்டது.
வங்கியின் பின்ஜன்னலில் விளக்கு,
யாரோ நின்றபடி பல் துலக்கும் நிழல்.

அரசாங்கப் பணத்தில் பளபளக்கும் ஊர்ப்பலகை.
மக்கள்தொகை 188.
பெயின்ட் காய்வதற்குள் யாரோ
ஆணியோடு வந்து போயிருக்கிறார்கள்:
பக்கத்தில், கோணலாக,
ஓர் அரை.